செலோ வாசித்தவர் கோலெடுத்த கதை

இருபதாம் நூற்றாண்டின் புகழ்பெற்ற இசைக்குழு நடத்துநர் ஆர்துரோ தொஸ்கனினி, 1867ஆம் ஆண்டு இத்தாலியின் பார்மா நகரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். ஒன்பது வயதில் அவ்வூர் இசைக் கல்லூரியிற் சேர்ந்து செலோ பயின்றார்.

அவருக்குக் கடுமையான குறும்பார்வை. இசைக்குழுவிலே இருவருக்கு ஒரு தாங்கியில் இசைத்தாள் வைப்பது வழமை. வில் பிடிக்கும் கைக்கு இடம் வேண்டுமாதலால் முகத்தைத் தாளருகே கொண்டுசெல்லவும் இயலாது. (எமது பாடசாலை வாத்தியக்குழுவின் பின்வரிசைக்காரருக்கு இந்தச் சங்கடம் தெரியும்.) எனவே அவர் எல்லாவற்றையும் மனனஞ் செய்தார். பார்வைக் குறை ஞாபகசக்தியைத் தருவதில்லை. அது அவருக்கு இயல்பாய் அமைந்தது. குறை அதனை அன்றாடப் பழக்கமாக்கியது என்பதே வைத்தியராகிய என் எண்ணம்.

1886இல் ஓர் இத்தாலிய ஒப்பெராக் குழுவுடன் பிரேசில் சென்றார். யூன் 30ஆந் திகதி றியோ டி ஜெனீரோவில் வெர்டியின் 'ஐடா' நடைபெறவிருந்தது. பிரேசில் நாட்டவரான நடத்துநர் குழுவினருடன் பிணங்கி விலகிவிட்டார். அவரிடத்துக்கு வந்தவரைச் சபையோர் கூச்சலிட்டு விரட்டினர். அடுத்தவருக்கும் அதே கதி. ஈற்றில் சக கலைஞர்கள் பத்தொன்பது வயதுச் செலோக்காரரை முன்னே தள்ளினார்கள். அவர் இசைப்பிரதியை மூடிவைத்துவிட்டு, முழு ஒப்பெராவையும் நினைவிலிருந்தே நடத்தி முடித்தார். கூச்சலிட்ட சபையே கரகோஷம் செய்தது.

இதன் பின்னர் அவர் செய்ததே எனக்கு அதிகம் பிடித்தது. பயணத்தின் எஞ்சிய நாட்களில் நடத்துநராக இருந்தவர், நாடு திரும்பியதும் மீண்டும் செலோ வாசிக்க அமர்ந்தார். 1887 பெப்ரவரியில் மிலானின் லா ஸ்கலா அரங்கில் வெர்டியின் 'ஒதெல்லோ' அரங்கேறியபோது இரண்டாவது செலோ அவருடையது. அந்த ஒப்பெராவின் காதற் பாடல் நான்கு செலோக்களின் மெல்லிசையுடன் தொடங்குவது. வெர்டி எதிர்பார்த்த ஒலியை அவர் உள்ளிருந்தே கேட்டார்.

1898இல் அதே லா ஸ்கலாவின் இசைத் தலைமை அவரிடம் வந்தது. 1908இல் நியூயோர்க் சென்றார். 1931இல் பொலோஞாவில் பாசிசக் கட்சிப் பாடலை இசைக்க மறுத்து, அடியும் வாங்கினார். 1937 முதல் அமெரிக்க வானொலிக்கென அமைக்கப்பட்ட குழுவை நடத்தினார்.

1954 ஏப்ரல் 4ஆந் திகதி, எண்பத்தேழாவது வயதில், கார்னெகி மண்டபத்தில் வாக்னரின் இசையை நடத்திக்கொண்டிருந்தபோது அந்த நினைவு தடுமாறியது, கை தயங்கியது. வானொலியில் நேரடி ஒலிபரப்பை நிறுத்திப் பிராம்ஸின் இசைத்தட்டொன்றைச் சில கணங்கள் ஒலிக்கவிட்டனர். மண்டபத்திலோ, முதற் செலோக் கலைஞர் சைகை காட்டிக் குழுவை ஒன்றாய் வைத்திருந்தார் என்பர். நிகழ்ச்சி நிறைவெய்தியது. அதன்பின் அவர் பொதுமேடையில் இசை நடத்தவில்லை.