வைக்கோலை விரைவில் மட்க வைக்கும் சிப்பிக்காளான்

நெல் வைக்கோலில் தழைச்சத்து குறைவு. எளிதில் சிதையாத லிக்னினும் உண்டு. இதனால் மட்கத் தாமதமாகும். சிப்பிக்காளான் பூஞ்சாணம் லிக்னினைச் சிதைத்து, மட்குவதை விரைவுபடுத்தும்.

ஒரு டன் வைக்கோலுக்கு 5 கிலோ யூரியா, 1 கிலோ காளான் வித்து தேவை. நிழலான மேட்டுப்பகுதியில், நறுக்கி நனைத்த வைக்கோலை 100 கிலோ வீதம் 10 அடுக்குகளாகப் பரப்பவும். ஓர் அடுக்கின் மேல் 200 கிராம் வித்து, அடுத்ததன் மேல் 1 கிலோ யூரியா என மாறி மாறித் தூவவும்.

பிழிந்தால் கை நனைய வேண்டும். நீர் ஒழுகக் கூடாது. 15 நாட்களுக்கு ஒருமுறை கிளறவும். சூடு தணிந்து, கரும்பழுப்பாகி, மண்வாசனை வந்த பின்பே வயலில் இடவும். அரைகுறையாக மட்கியதை இட்டால், நுண்ணுயிரிகள் மண்ணின் தழைச்சத்தை எடுத்துக்கொள்ளும்; இளம்பயிர் மஞ்சளாகிவிடும்.