வீலர் கண்ட போர்

அரிக்கமேட்டில் 1945-இல் குழி வெட்டிய மார்ட்டிமர் வீலரைத் தமிழ் வாசகர்கள் அறிவார்கள். இங்கே வருவதற்குப் பத்தாண்டுக்கு முன், 1934 முதல் 1937 வரை, இங்கிலாந்தின் டார்செட் பகுதியில் மெய்டன் காசில் என்ற குன்றுக்கோட்டையை அவர் தோண்டினார். மனைவி டெஸ்ஸா உடன் நின்று வேலையை நடத்தினார். 1936-இல் அவர் இறந்துபோனார்.

அது மண்ணால் எழுந்த கோட்டை. கி.மு. 600 வாக்கில் 16 ஏக்கரை வளைத்துக் கட்டியவர்கள், ஒன்றரை நூற்றாண்டு கழித்து அதை 47 ஏக்கராக விரித்தார்கள். பிறகு கரைமேல் கரை, அகழிக்கு அப்பால் அகழி. வாசலுக்கு நேராகப் போக வழியே கிடையாது. வளைந்து வளைந்துதான் ஏறவேண்டும். கடற்கரையிலிருந்து சுமந்து வந்த கவண்கற்கள் ஆயிரக்கணக்கில் குவிந்து கிடந்தன.

கிழக்கு வாசலருகே வீலருக்கு ஓர் இடுகாடு கிடைத்தது. வெட்டுண்ட மண்டையோடுகள், முதுகெலும்பில் இரும்பு முனை தைத்த ஒருவன். கி.பி. 43-இல் ரோமானியப் படை நடத்திய படுகொலை இது என்று எழுதினார். அந்தக் கதை பாடநூல்வரை போயிற்று.

1985-86-இல் நயல் ஷார்ப்பிள்ஸ் மறுபடி தோண்டினார். பார்வையாளர் கால்பட்டுத் தேய்ந்த இடங்களைச் செப்பனிடுவதும் அப்பணியில் சேர்ந்திருந்தது. ஒரே நாள் படுகொலை என்ற கதைமேல் சந்தேகம் வலுத்தது. 2025-இல் போர்ன்மவுத் பல்கலைக்கழகத்தார் எலும்புகளின் கரிமக் காலக்கணிப்பை வெளியிட்டார்கள். கி.மு. முதல் நூற்றாண்டின் இறுதியிலிருந்து கி.பி. முதல் நூற்றாண்டின் தொடக்கம்வரை, தலைமுறை தலைமுறையாக விழுந்த சாவுகள் அவை. அந்த மக்கள் தங்களுக்குள்ளேயே மோதிக்கொண்டிருக்க வேண்டும் என்பது ஆய்வாளர்கள் முடிவு.

எலும்புகளைப் பத்திரப்படுத்தியதால்தான் இந்தத் திருத்தம் சாத்தியமாயிற்று. வீலரின் மேதைமையைவிட இதையே நான் பெரிதாக நினைக்கிறேன். கோட்டையின் பெரும்பகுதி இன்னும் தோண்டப்படாமல் இருப்பதும் நல்லதே. தாமஸ் ஹார்டி 1885-இல் எழுதிய ஒரு கதையில், இத்தகைய கோட்டை ஒன்றில் இரவோடிரவாகத் திருட்டுத்தனமாகத் தோண்டுகிறான் ஒரு பழம்பொருள் பித்தன். அப்படிப்பட்டவர்களுக்கு இன்று 1979-ஆம் ஆண்டுச் சட்டம் தடை போடுகிறது: அனுமதியின்றி உலோகம் தேடும் கருவியை அங்கே இயக்குவதே குற்றம். ஆடுகளும் கரைகளில் மேய்ந்து கோட்டையைக் காக்கின்றன. புதர் மண்டினால் வேர்கள் மண்ணடுக்குகளைக் கலைத்துவிடும். மேய்ச்சல் அதைத் தடுக்கிறது, புல்லின் வேர் சரிவு மண்ணைப் பிடித்து நிற்கிறது.