மசாஜ் நிலையச் சோதனைச் செய்திகள்: தஞ்சையும் காவிரிப் படுகையும்

ஸ்பா, மசாஜ் சென்டர், ஆயுர்வேத நிலையம், அழகு நிலையம் என்று பலகை மாட்டிக்கொண்டு உள்ளே பாலியல் தொழில் நடப்பதாகச் சந்தேகித்துக் காவல்துறை நடத்தும் சோதனைகள், நாளிதழ்களின் மாவட்டப் பக்கங்களிலும் மாலை இதழ்களிலும் உள்ளூர்த் தொலைக்காட்சிகளிலும் கைபேசித் திரைகளிலும் குற்றச் செய்திகளாக வருகின்றன. தமிழ்நாட்டில் சென்னை, கோவை போன்ற பெருநகரங்களுக்கே உரியதாக இருந்த இந்த வகைச் செய்தி, காவிரிப் படுகையில் திருச்சி மாநகரிலும், பின்னர் தஞ்சாவூர், கும்பகோணம் போன்ற ஊர்களிலும் வழக்கமாகிவிட்டது. லாட்ஜ் சோதனை, வாடகை வீட்டுச் சோதனை என்று முன்பு வந்த செய்திகளின் இடத்தில் இப்போது ஸ்பா நிற்கிறது. தஞ்சாவூர் 2014இலும் கும்பகோணம் 2021இலும் மாநகராட்சிகளாயின. நெல்லை நம்பிய இந்த ஊர்களில் விடுதிகளும் சுற்றுலாவும் அழகு சார்ந்த தொழில்களும் பெருகியதோடு இந்த மாற்றமும் சேர்ந்தே நடந்தது.

மசாஜ் சட்டப்படியான தொழில். பெரிய கோயிலைப் பார்க்க வருபவர்கள் தங்கும் விடுதிகளிலும் நகரக் கடைத்தெருக்களிலும் நேர்மையாக அதைச் செய்து பிழைப்பவர்கள் இருக்கிறார்கள். சோதனைச் செய்தி எழுதப்படும் விதம் அவர்களையும் பாதிக்கிறது என்பதால் அதைக் கூர்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

செய்தி உருவாகும் விதம்

மாவட்டப் பக்கத்துக்கு எழுதுபவர் பெரும்பாலும் பகுதிநேரச் செய்தியாளர். விபத்து, திருட்டு, மணல் கடத்தல், தற்கொலை என்று அன்றாடம் அவர் அனுப்பும் செய்திகளில் பெரும்பங்கு காவல் நிலையத்திலிருந்து கிடைப்பது. சோதனை முடிந்ததும் காவல்துறையின் செய்திக்குறிப்பு வாட்ஸ்அப் குழுவில் வந்துவிடும். கூடவே படமும் வரலாம். அதைக் கொஞ்சம் திருத்தி அனுப்பினால் வேலை முடிந்தது. நிலையத்தைப் பகைத்துக்கொண்டால் நாளைய செய்தி கிடைக்காது. எனவே, கேட்கவேண்டிய கேள்விகள் கேட்கப்படாமலே போகின்றன. இதற்காகத் தனியொரு செய்தியாளரைக் குறைசொல்வது நியாயமாகாது. குறைந்த ஊதியத்துக்கு ஒரு வட்டம் முழுவதையும் ஒருவர் தலையில் கட்டும் நிர்வாகங்களுக்கும் இதில் பங்குண்டு.

இந்தச் செய்திகளுக்கென்று ஓர் அச்சு இருக்கிறது. 'ரகசிய தகவல் கிடைத்தது', 'மாறுவேடத்தில் சென்ற போலீசார்', 'பெண்களை வைத்து விபசாரம்', 'மீட்கப்பட்டு காப்பகத்தில் ஒப்படைப்பு' என்ற வரிசை ஊர் மாறினாலும் மாறுவதில்லை. தலைப்பில் 'அழகிகள்' வருவார்கள். 'வடமாநிலப் பெண்கள்' என்று பிறந்த மாநிலமும் சேரும். மேலாளராகவோ வரவேற்பாளராகவோ இருந்தவரின் பெயரும் வயதும் தெருவும் இருக்கும். கட்டடத்தின் சொந்தக்காரர் யார், உரிமம் யார் பெயரில், லாபம் யாருக்குப் போனது என்பவை பெரும்பாலும் இருக்காது.

'மீட்பு' என்று சொல்லப்படும் பெண்களைக் குற்றவாளிகளைப் போலச் சுவரோரம் நிறுத்தி எடுத்த படம் அதே செய்தியோடு வருவதுதான் இந்த அச்சின் மிகப்பெரிய முரண். மீட்கப்பட்டவர் என்றால் அவர் பாதிக்கப்பட்டவர். பாதிக்கப்பட்டவரின் முகத்தைத் துப்பட்டாவால் மூடவைத்துப் படமெடுக்க யாருக்கும் உரிமை இல்லை.

சட்டம் சொல்வது

இத்தகைய சோதனைகளுக்கு அடிப்படை 1956ஆம் ஆண்டின் மத்தியச் சட்டம். 1986 திருத்தத்தில் அதன் பெயர் மாறி, ஒழுக்கக்கேடான கடத்தல் தடுப்புச் சட்டம் ஆனது. காவல்துறையும் பத்திரிகைகளும் விபசாரத் தடுப்புச் சட்டம் என்று சுருக்கமாகச் சொல்கின்றன. சென்னை மாகாணத்துக்கு 1930இலேயே இதுபோன்ற சட்டம் இருந்தது.

வயது வந்த ஒரு பெண் தன் விருப்பத்தில் பாலியல் தொழில் செய்வதை இச்சட்டம் தனிக்குற்றமாக்கவில்லை. பொது இடத்தில் அழைப்பதும், வழிபாட்டிடம், கல்வி நிலையம், மருத்துவமனை போன்றவற்றிலிருந்து 200 மீட்டருக்குள் செய்வதும் குற்றங்கள். சட்டத்தின் பெரும் எடை விழுவது நடத்துபவர் மீது. 3ஆம் பிரிவு விபசார விடுதி நடத்துவதையும், தெரிந்தே இடம் கொடுப்பதையும் தண்டிக்கிறது. நடத்துபவருக்கு முதல் முறை ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை கடுங்காவல். 4ஆம் பிரிவு அந்த வருமானத்தில் வாழ்பவர்களுக்கானது. ஆளைத் தேடிப்பிடித்து இத்தொழிலில் தள்ளுபவர்களுக்கு 5ஆம் பிரிவு 3 முதல் 7 ஆண்டு வரை கடுங்காவல் விதிக்கிறது. இடத்தை மூடவும் குடியிருப்பவரை வெளியேற்றவும் 18ஆம் பிரிவு நடுவருக்கு (மாஜிஸ்திரேட்) அதிகாரம் தருகிறது. இடம் கொடுப்பவரையும் சட்டம் தேடுகிறது. செய்தி அவரைத் தேடுவதில்லை.

சோதனை நடத்தும் முறையைச் சொல்லும் 15ஆம் பிரிவைச் செய்தியாளர்கள் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். ஆய்வாளர் நிலைக்குக் குறையாத சிறப்புக் காவல் அதிகாரிக்கே இச்சட்டத்தில் முக்கிய அதிகாரம். அந்த வட்டாரத்தைச் சேர்ந்த மதிப்புமிக்க இருவர் சாட்சிகளாக வேண்டும். அவர்களில் ஒருவராவது பெண்ணாக இருக்கவேண்டும். சோதனைக் குழுவில் குறைந்தது இரண்டு பெண் காவலர்கள் இருக்கவேண்டும். அங்கிருந்து அழைத்துவரப்படும் பெண்களைப் பெண் காவல் அதிகாரியே விசாரிக்க வேண்டும். அப்படி ஒருவர் இல்லையென்றால் அங்கீகரிக்கப்பட்ட நலநிறுவனத்தைச் சேர்ந்த பெண் ஒருவர் முன்னிலையில் விசாரிக்க வேண்டும். சிறப்புக் காவல் அதிகாரி அல்லாதவர் இச்சட்டப்படி புலன்விசாரணை செய்ய முடியாது என்று 1960களின் தொடக்கத்திலேயே உச்ச நீதிமன்றம் டெல்லி நிர்வாகம் – ராம் சிங் வழக்கில் சொல்லிவிட்டது. எனவே சோதனைக்குத் தலைமை தாங்கியது யார், சாட்சிகள் யார், பெண் காவலர்கள் இருந்தார்களா என்று கேட்பதற்கு எந்தத் துணிச்சலும் தேவையில்லை. வழக்கு நிற்குமா விழுமா என்பதே அந்த விடைகளில்தான் இருக்கிறது.

'காப்பகத்தில் ஒப்படைப்பு' என்ற கடைசி வரிக்குப் பின்னாலும் நீண்ட நடைமுறை உண்டு. நடுவர் விசாரித்து, தேவை என்று கருதினால் பெண்ணை ஓராண்டு முதல் 3 ஆண்டு வரை பாதுகாப்பு இல்லத்தில் வைக்க உத்தரவிடலாம். முடிந்தவரை மூன்று பெண்களையாவது கொண்ட ஐவர் குழுவின் உதவியையும் அவர் பெறலாம். குற்றம் எதுவும் சுமத்தப்படாத ஒரு பெண் இப்படிப் பல மாதம் அடைபட்டுக் கிடக்க நேரலாம். அவள் வேலைக்கு வந்த இடம் போய்விட்டது. ஊரில் பெற்றோருக்குப் போய்க்கொண்டிருந்த பணமும் நின்றுவிட்டது. இதுவே பெரிய செய்தி. இது எழுதப்படுவதில்லை.

திருச்சி வழக்கு

காவிரிப் படுகையிலிருந்து கிளம்பி நாடு முழுவதும் பேசப்பட்ட வழக்கு திருச்சியினுடையது. தமிழ்நாட்டின் ஸ்பா, மசாஜ் நிலையங்கள் அனைத்திலும் இயங்கும் நிலையில் கண்காணிப்புக் கேமராக்கள் இருப்பதை உறுதிசெய்ய வேண்டும் என்று 2021 டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்ற நீதிபதி எஸ்.எம்.சுப்பிரமணியம் உத்தரவிட்டிருந்தார். சில நாட்களில், திருச்சியில் ஸ்பா நடத்த விரும்பிய ஒருவர் காவல்துறையின் தலையீட்டுக்கு எதிராகத் தொடுத்த வழக்கு மதுரைக் கிளையில் நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் முன் வந்தது. ஸ்பாவுக்குள் கேமராவைக் கட்டாயமாக்குவது உடல் மீதான தன்னுரிமைக்கும் அரசியல் சாசனத்தின் 21ஆம் பிரிவுக்கும் எதிரானது என்று 2022 ஜனவரியில் அவர் தீர்ப்பளித்தார். தனியுரிமை அடிப்படை உரிமை என்று 2017இல் ஒன்பது நீதிபதிகள் அமர்வு புட்டசாமி வழக்கில் சொன்னதுதான் இதற்கு ஆதாரம். தவறு நடக்கலாம் என்ற சந்தேகம் மட்டுமே மற்றவர்களின் தனியுரிமையில் நுழையப் போதாது என்பது தீர்ப்பின் சாரம்.

இதே கேள்வி அமெரிக்காவில் வேறு வடிவில் எழுந்தது. ஃப்ளோரிடா மாநிலத்தின் ஜூப்பிட்டர் நகரில் 2019இல் ஒரு மசாஜ் நிலையத்துக்குள் காவல்துறை ரகசியக் கேமரா பொருத்தியது. அமெரிக்கக் கால்பந்து அணி ஒன்றின் உரிமையாளரும் அதில் சிக்கவே, ஆள்கடத்தல் வலை பிடிபட்டதாக உலகெங்கும் செய்தி பரவியது. ஆள்கடத்தலுக்கு ஆதாரம் இல்லை என்று சில வாரங்களில் அரசுத் தரப்பே நீதிமன்றத்தில் ஒப்புக்கொண்டது. சம்பந்தமில்லாத வாடிக்கையாளர்களையும் படம்பிடித்ததால் அந்தக் காணொளிகளைச் சாட்சியமாக ஏற்க முடியாது என்று 2020இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொன்னது. அணி உரிமையாளர் மீதான வழக்கும் கைவிடப்பட்டது.

வாடிக்கையாளர்கள் குறித்தும் சென்னை உயர் நீதிமன்றம் பேசியிருக்கிறது. மசாஜ் நிலையச் சோதனையின்போது அங்கே இருந்தார் என்பதற்காக ஒருவர் மீது போடப்பட்ட வழக்கை 2022இல் நீதிபதி என்.சதீஷ்குமார் ரத்து செய்தார்.

பெயரும் முகமும்

செய்தி எல்லை மீறினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழ்நாட்டின் பெரிய சான்று 2009 அக்டோபரில் கிடைத்தது. விபசார வழக்கில் கைதான ஒரு நடிகை காவல்துறையிடம் சொன்னதாகக் கூறி, வேறு பல நடிகைகளைத் தொடர்புபடுத்தி தினமலர் செய்தி வெளியிட்டது. திரையுலகம் கொதித்தெழுந்தது. பெண்களுக்கு எதிரான கொடுமைத் தடுப்புச் சட்டத்தில் அதன் செய்தி ஆசிரியர் கைதானார். கண்டனக் கூட்டத்தில் நடிகர்கள் சிலர் செய்தியாளர்கள் அனைவரையும் இழித்துப் பேச, அது தனி அவதூறு வழக்காகி, 2017இல் உதகை நீதிமன்றம் அவர்களுக்குப் பிடிவாரண்டு பிறப்பிக்கும் வரை நீண்டது. காவலில் இருப்பவர் காவல்துறையிடம் சொன்னதாகச் சொல்லப்படுவது நீதிமன்றத்தில் பொதுவாகச் சாட்சியம் ஆகாது. அதை வைத்து ஒரு பெண்ணின் பெயரை அச்சிட்டதுதான் தவறு.

2022 மே 19 அன்று நீதிபதி எல்.நாகேஸ்வர ராவ் தலைமையிலான உச்ச நீதிமன்ற அமர்வு, புத்ததேவ் கர்மாஸ்கர் வழக்கில் அரசியல் சாசனத்தின் 142ஆம் பிரிவின்கீழ் உத்தரவு பிறப்பித்தது. கைது, சோதனை, மீட்பு எதுவானாலும் பாலியல் தொழிலாளர்களின் அடையாளம் வெளியாகாமல் பார்த்துக்கொள்ள இந்தியப் பத்திரிகை மன்றம் வழிமுறை வகுக்க வேண்டும். அவர் பாதிக்கப்பட்டவரா குற்றம் சாட்டப்பட்டவரா என்ற பேதமே கூடாது. மீட்பு என்ற பெயரில் அவர்களைப் படம்பிடித்து ஒளிபரப்பினால், பெண்ணை மறைந்திருந்து பார்க்கும் குற்றத்துக்கான பிரிவு தொலைக்காட்சிகள் மீது பாய வேண்டும் என்றது உத்தரவு. அந்தப் பிரிவு இப்போது புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் 77. மீட்கப்படுபவர் 18 வயதுக்குக் குறைந்தவரானால் போக்சோ சட்டமும் இளையோர் நீதிச் சட்டமும் தனியாகத் தடை விதிக்கின்றன. பத்திரிகை மன்றத்தால் எச்சரிக்கவும் கண்டிக்கவும்தான் முடியும், தண்டிக்க முடியாது.

2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 105ஆம் பிரிவு, சோதனையையும் கைப்பற்றலையும் ஒளி, ஒலியுடன் பதிவுசெய்து தாமதமின்றி நடுவருக்கு அனுப்பச் சொல்கிறது. காவல்துறையின் அத்துமீறலைத் தடுக்க உதவும் ஏற்பாடு இது. ஆனால், இனி ஸ்பா சோதனைகளில் பெண்களின் முகமும் ஒரு கைபேசிக்குள் பதிவாகக்கூடும். அது நடுவருக்குப் போகும் வழியில் வாட்ஸ்அப் குழுவுக்குப் போய்விட்டால் அந்தப் பெண்ணுக்கு மீட்சியே இல்லை. செய்தியாளர்களிடம் காவல்துறை எதைச் சொல்லலாம் என்பதற்குக் கையேடு தயாரிக்குமாறு 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றம் உள்துறை அமைச்சகத்தைப் பணித்தது இந்த ஆபத்தை உணர்ந்தவர்களுக்கு ஆறுதல்.

இப்படுகையின் இன்னொரு மரபு

இதே மண்ணில் இந்தப் பொருளைப் பற்றி வேறு விதமாக எழுதியவர் உண்டு. மயிலாடுதுறைக்கு அருகே மூவலூரில் வளர்ந்த இராமாமிர்தம் அம்மையார் (1883–1962), பெண்களைக் கோயிலுக்கு நேர்ந்துவிடும் பொட்டுக்கட்டும் வழக்கத்தின் கொடுமையை உள்ளிருந்து அறிந்தவர். 1936இல் வெளியான 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' என்ற அவரது நாவல், பெண்களை இதில் தள்ளும் குடும்பங்களையும் தரகர்களையும் பணக்கார மைனர்களையும் வெளிச்சத்துக்குக் கொண்டுவந்தது. புதுக்கோட்டையில் பிறந்த முத்துலட்சுமி ரெட்டி சட்டமன்றத்தில் தொடங்கிய போராட்டத்தோடு இவருடைய மேடைப் போராட்டமும் சேர்ந்துதான் 1947இல் சென்னை மாகாணத்தில் தேவதாசி முறை ஒழிப்புச் சட்டம் வந்தது. அம்மையார் எழுதியபோது கூச்சப்பட வேண்டியவர்களாகத் தரகரும் மைனரும் இருந்தார்கள். இன்றைய மாவட்டப் பக்கத்தில் அந்த இடம் பெண்ணுக்குக் கொடுக்கப்பட்டிருக்கிறது.

தொடராத செய்தி

மேட்டூர் அணையின் நீர்மட்டம், நீர்வரத்து, திறப்பு என்று நாள் தவறாமல் எழுதுவது தஞ்சைப் பத்திரிகைகளின் பழக்கம். ஜூன் 12இல் தண்ணீர் திறந்தால் அது கல்லணையைத் தாண்டிக் கடைமடைக்குப் போய்ச்சேரும் வரை செய்தி கூடவே நடக்கும். அந்தப் பொறுமையில் ஒரு பங்குகூட சோதனைச் செய்திக்குக் கிடைப்பதில்லை. குற்றப்பத்திரிகை தாக்கலானதா, உரிமையாளர் தண்டிக்கப்பட்டாரா, கட்டடம் மூடப்பட்டதா, அதே இடத்தில் வேறு பலகை மாட்டப்பட்டதா, அந்தப் பெண்கள் வீடு போய்ச்சேர்ந்தார்களா என்று யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. விடுதலையானவரின் பெயர், கைதானபோது அச்சான பக்கத்தில் திரும்ப வருவது அரிது. இணையத்தில் பழைய செய்தி மட்டும் அழியாமல் நிற்கிறது.

இதைச் சரிசெய்யப் புதிய சட்டம் எதுவும் வேண்டியதில்லை. வழக்கு எண் இருந்தால் மாவட்ட நீதிமன்ற வழக்கின் நிலையை இ-கோர்ட்ஸ் தளத்தில் எவரும் பார்க்கலாம். தஞ்சாவூர், திருச்சி மாவட்ட வழக்குகள் உயர் நீதிமன்றம் வரை போனால் மதுரைக் கிளைக்குப் போகும். திருவாரூர், நாகப்பட்டினம் வழக்குகள் சென்னைக்குப் போகும். இது தெரிந்தால் தேடுவது எளிது. சோதனைச் செய்தியை அச்சிடும் ஒவ்வொரு மாவட்டப் பதிப்பும் அந்த வழக்கு எண்ணைக் குறித்துவைத்து, ஆறு மாதத்தில் ஒருமுறையும் தீர்ப்பு வரும் நாளிலும் அதே பக்கத்தில் எழுதவேண்டும். பெண்களின் படத்தை அனுப்பும் குழுவில் இருக்கும் வாசகர் அதைப் பகிராமல் அழித்துவிட வேண்டும். தன்னை அடைத்துவைத்து வேலை வாங்குவதாக ஒரு பெண் சொன்னால் 181 என்ற மகளிர் உதவி எண்ணுக்கும், குழந்தை என்றால் 1098க்கும் உடனே அழைத்துச் சொல்லுங்கள்.