நூற்சாலையில் ஒரு விளக்கு

கௌடில்யரது அர்த்தசாஸ்திரத்தின் இரண்டாம் அதிகரணத்தில், நூல் நூற்பிக்கும் அதிகாரியாகிய சூத்திராத்யக்ஷனின் கடமைகளைக் கூறும் 23ஆம் அத்தியாயத்தை, ஆதரவற்ற பெண்டிரின் உழைப்பை அரசாங்கம் மலிவாகக் கறந்துகொள்ள வகுத்த ஏற்பாடென்றே அறிஞர் சிலர் நெடுநாளாகப் பொருள்கொண்டு வருகின்றனர். 1909ஆம் ஆண்டில் சாம சாஸ்திரியார் மூலத்தைப் பதிப்பித்த நாள்முதல் எல்லோர் கண்ணிலும் பட்டுவரும் ஒரு சிறு வாக்கியம் அதற்கு இடந்தரவில்லை என்பது என் துணிபு.

கைம்பெண்டிரும், அங்கஹீனரும், கன்னியரும், கணவர் வெளியூர் சென்ற மனைவியரும் நூற்றுப் பிழைக்க விரும்பினால், வீட்டைவிட்டு வெளிவராதார்க்குப் பணிப்பெண் வாயிலாக வேலையை அனுப்ப வேண்டும். தாமே வருவார்க்கு வைகறையில் நூலை வாங்கிக்கொண்டு கூலி கொடுக்க வேண்டும். அங்கே விளக்கு நூலைச் சோதிப்பதற்கு மாத்திரமே. இவ்விறுதி விதியை எண்ணெய்ச் சிக்கனமென்றும், சரக்குக் களவு போகாமைக்கான காவலென்றும் கூறுவர். அங்ஙனமாயின், பெண்ணின் முகத்தை நோக்கினாலும், வேறு காரியம் பற்றி அவளோடு பேசினாலும் முதற்படி அபராதமாகிய பூர்வசாகச தண்டம் என்னும் வாக்கியம் அதனையடுத்து நிற்பானேன்? இரண்டையும் சேர்த்துப் படித்தால், விடியாத பொழுதில், சிட்டத்தின்மேல் மட்டும் சாய்ந்த வெளிச்சத்தில், இழையின் மென்மையும் பருமையும் துலங்க, அதை நூற்றவளின் முகம் இருளிலேயே இருக்கக் காண்கின்றோம். ‘மாத்திர’ என்ற சொல் கட்டுப்படுத்துவது அதிகாரியின் கண்ணையே.

கூலி கொடுக்கும் காலம் தவறினால் தண்டம் இன்னும் பெரிது. முன்னதற்கு 48 முதல் 96 பணம் என்றால், இதற்குரிய மத்யமசாகசம் 200 முதல் 500 பணம். செய்யாத வேலைக்குக் கூலி கொடுத்தாலும் அதே தண்டமாதலின், கருவூலக் காப்பே நோக்கமென்று எதிர்வாதம் எழலாம். நான் இதனை மறுதலையாகவே கொள்கிறேன்: பொக்கிஷத்துக்கு நேரும் நஷ்டத்தையும், ஏழைப் பெண்ணின் கூலி ஒருநாள் தள்ளிப்போவதையும் ஒரே தராசில் நிறுத்த நூல் இது.

சாஸ்திரத்தில் எழுதியது நடைமுறையாகாது என்பார்க்கு, நடவாத குற்றத்துக்கு எவரும் தண்டம் எழுதுவதில்லை என்பதே விடை. கூலி பெற்றும் வேலை செய்யாதவளின் விரலைத் துண்டிக்கச் சொல்லும் விதி கொடியது. அதை மறைக்கவோ மழுப்பவோ நான் ஒருப்படேன். ஆயினும் நூலின் நேர்த்தியறிந்து கூலி வகுக்கவும், அளவறிந்து எண்ணெயும் நெல்லிப் பூச்சும் கொடுத்துச் சிறப்பிக்கவும் சொல்வது அதே அத்தியாயம்.

தமிழ்நாட்டிலும் ஆளில்லாப் பெண்டிர் நூற்ற நுண்ணூலை, மலைமேல் தவழும் முகிலுக்கு உவமையாக்கினார் கபிலர், நற்றிணை 353ஆம் பாட்டில். அவர்களுக்கு யார் கூலி கொடுத்தார், எந்த நாழிகையில் கொடுத்தார் என்று பாட்டுச் சொல்லவில்லை. ஆதலின் சாஸ்திரத்தையும் இப்பாட்டையும் இணைத்து முடிவுகூற நான் துணியவில்லை.