கண் காணாக் கதிரும் காப்பு நெறியும்

நெருப்புச் சுடும் என்பதை ஒருமுறை தொட்ட கை மறப்பதில்லை. கெட்டுப்போன உணவை மூக்கு காட்டிக் கொடுத்துவிடுகிறது. இவ்வாறு ஐம்பொறிகளும் நமக்கு இயற்கை தந்த காவலர்களாக விளங்குகின்றன. ஆனால் அக்காவலர் ஐவரும் ஒருங்கே உறங்கிவிடும் இடம் ஒன்று உண்டு. எக்ஸ் கதிர்களும், ரேடியம் முதலிய பொருள்கள் உமிழும் கதிர்களும் நம் உடலை ஊடுருவும்போது சுடுவதில்லை, ஓசை எழுப்புவதில்லை, மணப்பதுமில்லை. அவற்றால் விளைந்த தீங்கு சில நாள் கழித்தோ, பல ஆண்டுகள் கழித்தோதான் வெளிப்படுகிறது. இத்தகைய ஒன்றிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள மனிதன் எங்ஙனம் கற்றான்? அக்கல்விக்கு விலை கொடுத்தவர் யாவர்? இவ்வரலாற்றையே இங்கு நாம் காணப் புகுகின்றோம்.

1895-ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 8-ஆம் நாள், ஜெர்மனியில் வூர்ஸ்பர்க் நகரத்துப் பேராசிரியர் ராண்ட்ஜன், கறுப்புத் தாளால் மூடிய வெற்றிடக் குழாயொன்றில் மின்சாரம் செலுத்தி ஆராய்ந்துகொண்டிருந்தார். அப்போது சற்று அப்பாலிருந்த இரசாயனத் திரை இருளில் ஒளிரக் கண்டார். கணக்கில் அறியாத் தொகையைக் குறிக்கும் எழுத்தையே அந்த அறியாக் கதிருக்கும் பெயராக இட்டார். அடுத்த மாதம் தம் துணைவியாரின் கையை அக்கதிர்களால் படமெடுத்தபோது, எலும்புகளும் விரல் மோதிரமும் தெளிவாகத் தெரிந்தன. 1896-இல் பாரிஸ் நகரத்துப் பெக்கரல், யுரேனிய உப்பு தானாகவே கதிர் வீசி நிழற்படத் தகட்டைக் கறுக்கச் செய்வதைக் கண்டறிந்தார். 1898-இல் கியூரி தம்பதியர் பொலோனியத்தையும் ரேடியத்தையும் உலகிற்கு அறிவித்தனர். மூன்றே ஆண்டுகளில் ஒரு புதிய உலகம் திறந்துவிட்டது.

இக்கதிர்களின் இயல்பைச் சிறிது அறிந்து மேற்செல்வோம். நம் வீட்டு வானொலிப் பெட்டிக்கு வந்து சேரும் அலையும் ஒருவகைக் கதிர்வீச்சே. ஆயினும் அணுவிலுள்ள எலெக்ட்ரானைப் பெயர்த்தெறியும் ஆற்றல் அதற்கு இல்லை. எக்ஸ் கதிர்களும், ஆல்பா, பீட்டா, காமாக் கதிர்களும் அவ்வாற்றல் உடையன. எலெக்ட்ரானை இழந்த அணு மின்னேற்றம் பெற்று அயனியாகிறது. உயிரணுவினுள் இது நிகழுமாயின், அங்குள்ள மரபுப் பொருளின் இழைகள் அறுபடக்கூடும். சிறு சேதத்தை உயிரணு தானே செப்பனிட்டுக்கொள்கிறது. சேதம் மிகுந்தால் மடிகிறது. பிழைபடச் செப்பனிட்டது பின்னாளில் புற்றாக வளரவும் கூடும். புற்றுநோயை அழிக்க மருத்துவர் பயன்படுத்துவதும் இதே ஆற்றலைத்தான்.

முதற் காலத்தில் இவ்வுண்மையை எவரும் அறிந்திலர். அமெரிக்காவில் எடிசனிடம் பணியாற்றிய கிளாரன்ஸ் டாலி என்பவர், எக்ஸ் கதிர்க் குழாய்களைத் தம் கையையே குறுக்கே நீட்டிச் சோதித்துப் பார்த்தார். கைகள் புண்ணாகிப் புற்று கண்டன. அவற்றை வெட்டி நீக்கியும் பயனின்றி 1904-இல் அவர் மாண்டார். எடிசன் அவ்வாராய்ச்சியையே கைவிட்டார். பெக்கரல், ரேடியம் அடங்கிய சிறு குழாயொன்றைச் சட்டைப் பையில் வைத்துத் திரிந்தார். பையினடியில் தோல் வெந்து புண்ணாயிற்று. இவர்கள் யாரும் எச்சரிக்கையை மீறியவர்கள் அல்லர். எச்சரிக்க வேண்டும் என்று அறிந்தவர் அன்று உலகில் மிகச் சிலரே.

இனி நாம் சொல்லப்போவது அத்தகையதன்று. 1917 முதல் அமெரிக்காவில், நியூஜெர்சி மாநிலத்து ஆரஞ்சு நகரில், கடிகார முகப்புக்கு இருளிலும் ஒளிரும் வண்ணம் தீட்டும் தொழிற்சாலை ஒன்று நடந்துவந்தது. அவ்வண்ணத்தில் ரேடியம் கலந்திருந்தது. தீட்டியவர்கள் இளம் பெண்கள். எண்கள் மெல்லியனவாக அமைய, தூரிகை நுனியை உதட்டில் வைத்துக் கூராக்குமாறு அவர்களுக்குப் பயிற்சி அளிக்கப்பட்டது. ஒவ்வொரு முறையும் இம்மியளவு ரேடியம் உடலுட் சென்றது. விளையாட்டாக அவ்வண்ணத்தை நகத்திலே பூசிக்கொண்ட பெண்களும் உண்டு. அதே தொழிற்சாலையில் இருந்த இரசாயன அறிஞர்களோ காரீயத் தடுப்பும் இடுக்கியும் கொண்டே ரேடியத்தைக் கையாண்டனர். அறிவு ஓர் அறையில் இருந்தது. ஆபத்து அடுத்த அறையில் இருந்தது. இடையே இருந்த சுவரைக் கடந்து ஒரு சொல் செல்லவில்லை.

ரேடியம் இயல்பில் சுண்ணத்தை ஒத்தது. ஆகவே உடல் அதனை எலும்பிலே சேர்த்துக்கொள்கிறது. சில ஆண்டுகளில் அப்பெண்களின் பற்கள் விழுந்தன, தாடை எலும்பு அழுகிற்று, பலர் இறந்தனர். 1925-இல் மார்ட்லண்ட் என்ற மருத்துவர் இதன் காரணத்தை ஐயமற நிறுவினார். நோயுற்ற ஐந்து பெண்கள் வழக்குத் தொடுத்து, 1928-இல் இழப்பீடு பெற்றனர். அவர்கள் உடலிலிருந்து கற்ற பாடத்தைக் கொண்டே, ஒருவர் உடலில் தங்கக்கூடிய ரேடியத்தின் உச்ச அளவு ஒரு மைக்ரோகிராமில் பத்தில் ஒரு பங்கு என 1941-இல் அமெரிக்காவில் வரையறுக்கப்பட்டது.

1928-இல் ஸ்டாக்ஹோம் நகரில் கூடிய கதிர் மருத்துவர் மாநாடு, கதிர்க் காப்புக்கெனப் பன்னாட்டுக் குழு ஒன்றை அமைத்தது. பெயர் மாற்றத்துடன் அது இன்றும் இயங்கி வருகிறது. 1936-இல் ஹாம்பர்க் நகர மருத்துவமனை ஒன்றில், கதிர்களால் உயிர் நீத்த மருத்துவர், அறிஞர், செவிலியர் ஆகியோருக்கு நினைவுக்கல் நாட்டப்பட்டது. முதலில் பொறிக்கப்பட்ட பெயர்கள் மட்டுமே 169.

இத்தனை உயிர்களை விலையாகக் கொடுத்துப் பெற்ற நெறியை மூன்று சொற்களில் அடக்கிவிடலாம்: காலம், தூரம், தடுப்பு. கதிர் மூலத்தினருகே நிற்கும் நேரம் பாதியானால் ஏற்கும் அளவும் பாதியாகும். சிறு மூலமொன்றிலிருந்து இரு மடங்கு தூரம் விலகினால் அளவு நான்கில் ஒரு பங்காகவும், மும்மடங்கு விலகினால் ஒன்பதில் ஒரு பங்காகவும் குறையும். ஆல்பாக் கதிரைத் தாள் ஒன்றே தடுக்கும். பீட்டாவிற்கு மெல்லிய அலுமினியத் தகடு போதும். காமாவிற்குத் தடித்த காரீயமோ கற்காரைச் சுவரோ தேவை. எனினும் தாள் தடுக்கும் ஆல்பாவே உடலுட் புகுந்தால் கொடிதாகிறது என்பதற்கு ஆரஞ்சு நகரப் பெண்களே சான்று. ஆதலின் கதிரியக்கப் பொருளைக் கையாளும் இடத்தில் உண்ணலாகாது, பருகலாகாது என்பது நான்காம் விதி.

அதற்காக எல்லாக் கதிருக்கும் அஞ்ச வேண்டுவதில்லை. மண்ணும் வானமும் நாம் உண்ணும் உணவும் இயல்பாகவே சிறிது கதிர் வீசுவன. உலக மக்களில் ஒருவர் இவ்வாறு ஆண்டுக்குச் சராசரியாக 2.4 மில்லிசீவர்ட் அளவு ஏற்கிறார். மார்பை ஒருமுறை எக்ஸ் கதிர்ப் படம் எடுப்பதால் சேர்வது ஏறத்தாழ 0.1 மில்லிசீவர்ட், பலவேளை அதனினும் குறைவே. கதிர்ப்பணி புரிவோருக்கு நம் நாட்டில் ஐந்தாண்டுச் சராசரியாக ஆண்டுக்கு 20 மில்லிசீவர்ட் வரம்பாகும். மருத்துவர் தக்க காரணம் கருதிக் கேட்கும் படத்தை அச்சத்தால் மறுப்பது பேதைமை. காரணமின்றி நாமே கேட்டுப் பெறுவதும் பேதைமையே. கருவுற்றிருப்போர் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

விதிகள் எழுதப்பட்டன; ஆயினும் அவை எல்லாக் கைகளையும் எட்டவில்லை. 1987-இல் பிரேசில் நாட்டுக் கோயானியா நகரில், கைவிடப்பட்ட மருத்துவக் கூடத்திலிருந்து சீசியம் அடங்கிய கருவியைப் பழம்பொருள் தேடுவோர் எடுத்துச் சென்று உடைத்தனர். நீல நிறத்தில் ஒளிர்ந்த தூளை வியந்து உற்றாருக்குப் பகிர்ந்தளித்தனர். ஆறு வயதுச் சிறுமி உட்பட நால்வர் இறந்தனர். 2010-இல் நம் தலைநகராம் தில்லியில், மாயாபுரிப் பழைய இரும்புச் சந்தைக்கு, ஆய்வகம் ஒன்று கழித்த கதிர்க் கருவி ஏலத்தில் வந்து சேர்ந்தது. காரீயத்திற்காக அதை உடைத்தவர்கள் உள்ளிருந்த கோபால்ட்டை அறியார். ஒருவர் அதன் துண்டைத் தம் பணப்பையில் வைத்துக்கொண்டார். தொழிலாளி ஒருவர் இறந்தார். வேறு சிலர் கடும் புண்ணுற்றனர். பெக்கரலின் சட்டைப் பைக்கும் இப்பணப்பைக்கும் இடையே நூறு ஆண்டுகளுக்கு மேலாகிவிட்டது. பெக்கரல் காலத்தில் அறிவு முழுமை பெறவில்லை. மாயாபுரியில் அது வந்து சேரவில்லை.

மஞ்சள் நிலத்தில் நடுவே ஒரு புள்ளியும் அதைச் சுற்றி மூன்று இதழ்களும் அமைந்த சின்னமே கதிரியக்க எச்சரிக்கை. அது அறியாதார்க்கு அழகிய பூவாகவே தோன்றும். ஆகவே 2007-இல், மண்டையோடும் ஓடும் மனித உருவமும் சேர்ந்த சிவப்புச் சின்னம் ஒன்றையும் பன்னாட்டு அமைப்புகள் கூடுதலாக வகுத்தன. இவற்றுள் எதைக் கண்டாலும், கனத்த உலோகப் பெட்டியாயினும் ஒளிரும் தூளாயினும், தொடாது விலகி நின்று, பிறரையும் விலக்கி, காவல் நிலையத்திற்கு உடனே தெரிவிப்பது நம் கடமை. இதனை நம் வீட்டுச் சிறுவருக்கும், தெருவில் பழைய இரும்பு வாங்க வருபவருக்கும் எடுத்துரைப்போமாக. ஆய்வகத்துச் சுவருக்குள் இருக்கும் அறிவு, பொருளைத் தொடும் கையைச் சென்றடைந்தால்தான் காப்பு ஆகும்.