தீக்குள் புகுந்த தலைமை

தமிழ்நாட்டுத் தீயணைப்புத் துறையின் உயர்பதவிகள் நெடுங்காலம் ஆடவர்க்கே உரியனவாயிருந்தன. 2003-ஆம் ஆண்டில் அவ்வழக்கை மாற்றிய பெண்டிர் இருவர். மீனாட்சி விஜயகுமார் ஒருவர், பிரியா ரவிச்சந்திரன் மற்றவர்.

ஏவும் அதிகாரி வெளியே நின்றும் கடமையாற்றலாம். அதனைக் குற்றமென்பார் இலர். ஆயினும், 2012 சனவரியில், பொங்கல் விடுமுறைக் காலத்து இரவொன்றில், சென்னை எழிலக வளாகத்துக் கலஸ் மகால் தீப்பற்றியபோது, பிரியா தம் வீரருடன் உள்ளே புகுந்தார். ஆர்க்காட்டு நவாபு 1768-இல் எழுப்பிய சேப்பாக்கம் அரண்மனையின் ஒரு பகுதி அது. தீயுண்ட பழங்கூரை எக்கணத்தில் வீழுமென எவரே அறிவர்? அது சரிந்தது. வீரரொருவர் உயிர் நீத்தார், பிரியா கடுந்தீக்காயமுற்றார்.

வீரச்செயலுக்கான அண்ணா பதக்கத்தை அரசு அவருக்கு வழங்கிற்று. காயம் ஆறியபின் அவர் அதே பணிக்கு மீண்டு, இணை இயக்குநராக உயர்ந்தார்.