இதயத்தின் பக்க வாய்க்கால்கள்

மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரத்தில் அடுத்தடுத்து அமைந்த நகரங்கள் இராஜபாளையமும் ஸ்ரீவில்லிபுத்தூரும். மலையிலே பெய்யும் மழை ஓடைகளாக இறங்கி இவ்வட்டாரத்துக் கண்மாய்களை நிரப்புகிறது. நிரம்பிய கண்மாய் மறுகால் பாய்ந்து அடுத்த கண்மாய்க்கு நீர் தருகிறது. வயலுக்குச் செல்லும் வாய்க்கால் சிறிது சிறிதாக மண்மேடிட்டால், உழவர் பக்கத்தில் வேறொரு வாய்க்கால் வெட்டிப் பயிரைக் காத்துக்கொள்வர். ஒரே இரவில் கரை சரிந்து வாய்க்கால் அடைபட்டாலோ, மறுவழி வெட்ட நேரமிராது; பயிர் வாடிவிடும்.

நம் நெஞ்சுக்குள்ளும் ஏறத்தாழ இதே கணக்குத்தான் நடைபெறுகிறது. "அவருக்கு மூன்று குழாயிலும் அடைப்பாம், ஆனாலும் நடமாடுகிறார். இவருக்கு ஒரே அடைப்புத்தான், மௌத்தாகிவிட்டாரே!" என்று நம் இல்லங்களில் வியந்து பேசுவதைக் கேட்கிறோம். இப்புதிருக்கு விடை காண மனித குலத்துக்குப் பல நூற்றாண்டுகள் தேவைப்பட்டன. அவ்வரலாற்றின் முதல் ஏட்டில் நாம் காணும் பெயர் இப்னுன் நஃபீஸ்.

திமிஷ்க் நகரில் மருத்துவம் பயின்று, கெய்ரோவில் தலைசிறந்த ஹகீமாக விளங்கியவர் அவர். இதயத்தின் வலப்புற அறையில் தங்கும் இரத்தமே இதயத்துக்கு உணவாகிறது என்பது அந்நாளில் மருத்துவ உலகம் ஏற்றிருந்த கருத்து. பேரறிஞர் இப்னு சீனாவும் அவ்வாறே எழுதியிருந்தார். இப்னு சீனாவின் 'கானூன்' நூலிலுள்ள உடற்கூற்றுப் பகுதிக்கு கி.பி. 1242 அளவில் விரிவுரை எழுதிய இப்னுன் நஃபீஸ், அக்கருத்தைத் துணிந்து மறுத்தார். இதயம் தன் தசைக்குள்ளேயே பரவிச் செல்லும் குழாய்களில் ஓடும் இரத்தத்தினால்தான் ஊட்டம் பெறுகிறது என்று விளக்கினார். எவர்மீது அளவற்ற மதிப்பு வைத்திருந்தாரோ அவரையே மறுத்துரைக்கும் நேர்மை அவரிடம் இருந்தது. 1288ஆம் ஆண்டில் மறைந்தபோது, தம் இல்லத்தையும் நூலகத்தையும் கெய்ரோவின் மன்சூரி மருத்துவமனைக்கே விட்டுச் சென்றார்.

அவ்விரிவுரை பன்னூறு ஆண்டுகள் உலகின் பார்வையில் படாமல் கிடந்தது. எகிப்து நாட்டு மருத்துவர் முஹ்யித்தீன் தத்தாவி, 1924இல் ஜெர்மனியில் தம் ஆய்வுரையின் வாயிலாக அதனை மீண்டும் வெளிக்கொணர்ந்தார். இதயத்தை மகுடம்போல் சூழ்ந்து நிற்கும் அக்குழாய்களுக்கு இன்றைய அரபு மருத்துவர் வழங்கும் பெயரிலும் 'தாஜ்' என்னும் சொல்லே அமைந்துள்ளது.

இதயத்துக்குத் தனிக் குழாய்கள் உண்டென்பது தெளிவானபின் அடுத்த கேள்வி எழுந்தது. ஒரு குழாய் அடைபட்டால் மற்றொன்று உதவுமா? 1669இல் இங்கிலாந்தின் ரிச்சர்ட் லோயர், ஒரு குழாயில் செலுத்திய நீர்மம் மற்றொன்றிலும் பாய்வதைக் கண்டு, அவை தம்முள் இணைந்துள்ளன என்றார். 1881இல் ஜெர்மனியின் கோன்ஹைம் இதற்கு நேர்மாறான முடிவுக்கு வந்தார். நாயின் இதயக் குழாயைக் கட்டியதும் இதயம் விரைவில் நின்றுபோனதால், இவை மறுவழியற்ற முட்டுச் சந்துகள் என்று கருதினார். ஆயினும் குழாய் அடைபட்டவர் அனைவரும் உடனே இறப்பதில்லை என்பதை 1912இல் சிகாகோவின் ஜேம்ஸ் ஹெரிக் எடுத்துக்காட்டினார். 1940ஆம் ஆண்டையொட்டி பாஸ்டன் மருத்துவர்கள், இறந்தோரின் இதயக் குழாய்களில் வண்ணக் கலவை செலுத்தி ஆராய்ந்தனர். முழுதும் அடைபட்ட குழாய்க்கு அப்பாலும் சில இதயங்களில் தசை சேதமின்றி இருந்தது. பக்கக் குழாய்கள் அதனைக் காத்திருந்தன! நோயற்ற இதயங்களிலும் நுண்ணிய இணைப்புகள் உண்டு என்பதைக் கிளாஸ்கோவின் ஃபுல்டன் 1960களில் நிறுவினார். ஆக, லோயரும் பொய் சொல்லவில்லை. கோன்ஹைமின் கண்ணும் பொய்க்கவில்லை. வழி இருக்கிறது, ஆனால் அது மயிரிழை போன்றது. திடீரென அடைபட்டால் அவ்வழி போதாது.

அந்த மயிரிழை வாய்க்காலாவது எப்படி? பெருங்குழாய் சுருங்கச் சுருங்க, சுருக்கத்துக்கு அப்பால் இரத்த அழுத்தம் தாழ்கிறது. அழுத்தம் மிகுந்த பக்கத்திலிருந்து தாழ்ந்த பக்கத்துக்கு இரத்தம் நுண்குழாய் வழியே விரைகிறது. அவ்விரைவு குழாயின் உட்சுவரை உரச, சுவரின் உயிரணுக்கள் விழிப்படைந்து வளரத் தொடங்குகின்றன. நாள்களும் வாரங்களும் செல்லக் குழாய் அகலமாகிறது. எனவேதான் அடைப்பு மிகமிகப் பக்கக் குழாய்களும் பெருகக் காண்கிறோம். 1958இல் அமெரிக்காவின் மேசன் சோன்ஸ் உயிருள்ளோரின் இதயக் குழாய்களைப் படமெடுக்க வழி கண்டார். 1985இல் ரென்ட்ராப் என்பார் பக்கக் குழாய்களின் வலிமையைச் சுழியம் முதல் மூன்று வரை தரப்படுத்தினார். இன்றும் அந்த அளவுகோல் வழக்கில் உள்ளது.

இங்கே நாம் ஊன்றிக் கவனிக்க வேண்டிய உண்மை ஒன்றுண்டு. பக்கக் குழாய் காவலன் மட்டுமல்லன். நோய் முற்றியதற்குச் சாட்சியுமாவான். 6,529 நோயாளர்களைப் பற்றிய 12 ஆய்வுகளைத் தொகுத்து 2012இல் வெளியான கட்டுரை, நல்ல பக்கக் குழாய்கள் உடையோரிடம் இறப்பு ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைவு என்றது. ஆனால் எல்லாருக்கும் அவை ஒரே அளவில் வாய்ப்பதில்லை. 2003இல் சுவிட்சர்லாந்தின் பெர்ன் நகர மருத்துவர்கள், அடைப்பில்லாத நூறு பேரின் குழாயைச் சிறு பலூனால் ஒரு நிமிட அளவு மூடிப் பார்த்தனர். ஐந்தில் ஒருவர் முதல் நால்வரில் ஒருவர் வரையே பக்கக் குழாய்களால் அதனைத் தாங்கினர். எஞ்சியோர்க்கு அத்துணை போதவில்லை. சிறிதளவே சுருங்கிய குழாயிலும் கொழுப்புப் படிவு திடீரென வெடித்து இரத்தம் உறைந்துவிடலாம். அப்போது மறுவழி வளர அவகாசமே இராது. மேலே கேட்ட புதிருக்கு விடை இதுவே.

தெற்காசிய மக்களுக்கு இவ்விடை மேலும் கசப்பானது. 2007இல் வெளியான பன்னாட்டு ஆய்வின்படி, முதல் மாரடைப்பு வரும் நடுவயது பிற நாட்டாருக்கு ஏறத்தாழ 59, நமக்கோ 53. குடும்பம் தழைக்க உழைக்கும் வயதல்லவா அது!

சிகிச்சை வரலாற்றில் தமிழகம் பின்தங்கி நிற்கவில்லை. 1975இல் சென்னைப் பெரம்பூர் இரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன், இதயத்துக்கு மாற்றுக் குழாய் பொருத்தும் அறுவையை இந்தியாவிலேயே முதன்முதலாக வெற்றியுடன் செய்தார். 1986இல் டாக்டர் மேத்யூ சாமுவேல், பலூன் கொண்டு அடைப்பை விரிக்கும் முறையைச் சென்னையில் தொடங்கி நாட்டுக்கே வழிகாட்டினார். இயற்கை தானே வெட்டிக்கொள்ளும் பக்க வாய்க்காலை மனிதன் கையால் வெட்டுவதே மாற்றுக் குழாய் அறுவை எனலாம்.

காயத்துக்குக் கட்டும் துணியை நெய்து வெளியூர்களுக்கு அனுப்பும் சத்திரப்பட்டி, இராஜபாளையத்தை அடுத்துத்தான் உள்ளது. ஆயினும் நெஞ்சுக்குள் நேரும் காயத்தைத் துணியால் கட்ட இயலாது. அதற்கு மருந்து காலமே. குழாய் முற்றும் அடைபட்டால் அரைமணி நேரத்துக்குள்ளேயே தசை மடியத் தொடங்குகிறது. ஆறு மணி நேரத்துக்குள் பெரும்பகுதி போய்விடலாம். பக்கக் குழாய்கள் அந்த அழிவைத் தாமதப்படுத்தும். தடுத்துவிடும் என்பதற்கு உறுதியில்லை. இராஜபாளையத்திலிருந்து மதுரைக்கு எண்பது கிலோமீட்டருக்கு மேல். அத்தொலைவைக் கருதிப் பார்த்தால், தமிழக அரசு 2023இல் தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தின் அருமை விளங்கும். ஆரம்பச் சுகாதார நிலையத்திலேயே முதல் மருந்துகளைக் கொடுத்து, பெரிய மருத்துவமனைக்கு அனுப்பிவைக்கும் ஏற்பாடு அது.

நெஞ்சு கனத்து, வலி இடக்கைக்கோ தாடைக்கோ பரவி, உடல் வியர்த்தால், வாயுத் தொல்லை என்று சோடா குடித்துப் படுத்துக்கொள்ளும் வழக்கம் நம்மிடையே இன்னும் மறையவில்லை. சர்க்கரை நோயாளருக்கும் பெண்களுக்கும் முதியோருக்கும் வலியே இன்றி, மூச்சுத் திணறலாகவோ பெருங்களைப்பாகவோ அது வரக்கூடும். "முன்பும் இப்படி வந்து தானே போய்விட்டது" என்று ஆறுதல் கொள்வது பேதைமை. முன்பு போனது ஒருவேளை பக்கக் குழாயின் தயவாக இருக்கலாம். அது இறைவன் அளித்த அவகாசம். அவகாசத்தை விடுதலை என்று எண்ணிவிடலாகாது. வலி தொடங்கிய நேரத்தைக் குறித்துக்கொண்டு, 108 வண்டியை அழைத்துப் புறப்படுவதே அந்த அவகாசத்துக்கு நாம் செலுத்தும் நன்றி.